மேலிருந்து கொளுத்துகிற அடுப்பு

கூர்ப் பட்டணத்திலிருந்து மலைக்கு ஏறுகிற மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் மனோகரி எப்போதும் வலது பக்க யன்னலோரம்தான் இருப்பாள். மற்றச் சனம் இடது பக்கம் இருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கும். பள்ளத்தாக்கு யாருக்கு வேண்டும்? கடைசி வளைவில் பஸ் திரும்பும்போது வலது பக்கத்தில்தான் அவளுடைய வீட்டுப் புகைபோக்கி தெரியும்.

புகை வந்தால் அவளுக்கு ஒரு சந்தோஷம். முதியோர் இல்லத்தில் பகல் முழுக்க நடக்கமாட்டாத மனுசரைத் தூக்கி, குளிப்பாட்டி, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருகிறவளுக்கு, தன் மனுசன் தனக்காக ஒரு நெருப்பு மூட்டி வைத்திருக்கிறார் என்பது சின்ன விஷயமில்லை. கலியாணம் கட்டின காலம் தொட்டு ஒரு தேத்தண்ணி போட்டுத் தராத மனுசன். ஹோட்டல் குசினியில் ஊருக்கெல்லாம் சமைத்துக் கொட்டிவிட்டு, வீட்டுக் குசினியை எட்டியும் பாராதவர். அப்படிப்பட்டவர் மூட்டிய நெருப்பு.

பிறகு கண் வாசலுக்குப் போகும். வாசலில் ஒரு சோடி பச்சை றப்பர் சப்பாத்து நிற்கும். அவ்வளவுதான், வயிறு பற்றி எரியத் தொடங்கிவிடும்.

சப்பாத்துக்காரி ஊர்சினா. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரி. ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்றதை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். மனோகரியின் வயதுதான் இருக்கும். புருசன் செத்துப் பல வருசம். ஆடு வளர்ப்பாள், டிராக்டர் ஓட்டுவாள், மைனஸ் பத்துக் குளிரிலும் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு கோடாலியால் விறகு பிளப்பாள். அவள் வீட்டு முகப்பில் யன்னல் உயரத்துக்கு விறகு அடுக்கியிருக்கும். அந்த அடுக்கில் ஒரு கட்டை பிசகி நிற்காது.

மனுசன் தில்லைநாதனுக்கு இடுப்பில் ஒரு தட்டு விலகி, ஹோட்டல் வேலை நின்று, அதே நேரம் பார்த்துக் கூரில் இருந்த தொடர்மாடியையும் திருத்த வேண்டுமென்று இவர்களை எழுப்பிவிட்டபோதுதான் இந்த வீடு கிடைத்தது. ஹீட்டிங் கிடையாது. ஒரே ஒரு அடுப்பு. குசினிச் சுவரில் பதித்தது, வாய் நிலத்தோடு ஒட்டி இருக்கும். மேலே சட்டி வைக்க இரும்புத் தட்டு. அடுப்பின் முதுகு சுவரைத் துளைத்து ஹோலுக்குள் போய், பச்சை ஓடு பதித்த இருக்கவும் படுக்கவும் தோதான ஒரு நீள வாங்காக நிற்கும். அந்த அடுப்பு எரிந்தால் வீடு. எரியாவிட்டால் குளிர்ப்பெட்டி.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கும் அவள் வந்தவளோ?" உள்ளே வந்ததும் மனோகரி கேட்பாள், சப்பாத்தைக் கண்ணால் கண்டுவிட்டே.

"ஓம், சும்மா வந்தவ. குசினியில நிக்கிறா."

"சும்மா வாறதுக்கு இதென்ன சந்தையோ?"

"மெல்லக் கதை மனோ, அவவுக்குக் கேக்கும்."

"கேட்டா என்ன? தமிழ் விளங்குமோ அவளுக்கு? அதையும் சொல்லிக் குடுத்திட்டியளோ?"

அப்போது குசினிக்குள்ளிருந்து ஊர்சினா கைச்சாம்பலைத் தட்டிக்கொண்டு வருவாள். "சாலி மனோ! ச்சூஸ் டில்லி!" என்று இவளுக்கு ஒரு வணக்கமும் அவருக்கு ஒரு போயிட்டுவாறனும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போவாள்.

டில்லி! இத்தனை வருசத்தில் மனோகரி தன் புருசனை ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாளா? 'இஞ்சாருங்கோ', 'என்னப்பா', பிள்ளை பிறந்த பிறகு 'ஜெனனியின்ர அப்பா'. இவள் என்னவென்றால் நேற்று வந்து தில்லையைச் சுருக்கி டில்லி ஆக்கிவிட்டாள். அந்த மனுசனும் கூப்பிட்டதும் நாய்க்குட்டி மாதிரித் திரும்பிப் பார்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய கூத்து. மனோகரி வீட்டில் நிற்கிற நாள். காலமை ஊர்சினா வருவாள், அடுப்பு வாய்க்கு முன்னால் முழங்காலில் குந்துவாள். தில்லைநாதன் பக்கத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரிப்பார்கள்.

"என்ன, இன்னும் பழகி முடியேல்லையோ?" மனோகரி வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டாள்.

"இது லேசுப்பட்ட வேலையில்லை மனோ. இஞ்சை பார். பெரிய கட்டை கீழ, அதுக்கு மேல நடுத்தரம், உச்சியில சிராய். கொளுத்துறது உச்சியில. நெருப்பு மேல இருந்து கீழ இறங்கும். வீட்டுக்குள்ள புகை வராது. இந்த நாட்டு முறை."

"உச்சியில கொளுத்துறதோ? எங்கட சனம் தலைமாட்டில கொள்ளி வைக்கிறது ஒரேயொரு அடுக்கிலதான். அது எந்த அடுக்கெண்டு உங்களுக்குத் தெரியும்."

"உன்ர வாயில நல்லதே வராது."

"நல்லது வர நல்லது நடக்கவேணும். அடுப்பெண்டால் கீழ வச்சுத்தான் மூட்டுறது. எங்கட அம்மாவும் அப்பிடி, உங்கட அம்மாவும் அப்பிடி. உவள் சொன்னவுடன தலைகீழாக் கொளுத்துறியள். இவ்வளவு காலம் நான் சொன்ன ஒண்டைத் தலையை ஆட்டிக் கேட்டிருக்கிறியளோ?"

ஊர்சினா எழும்பி, கரிபட்ட கையால் நெற்றியைத் துடைத்து, வெங்காய வாசம் நன்றாயிருக்கிறது என்று ஜெர்மனில் சொன்னாள். மனோகரி பல்லைக் காட்டினாள். சிரிப்பென்று ஊர்சினா நினைத்திருப்பாள்.

இதையும் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறொன்று. கார்த்திகை மாதத்திலிருந்து தில்லைநாதன் கட்டிலில் படுப்பதில்லை. ஹோலில் அடுப்பு வாங்கிலே படுக்கிறார். கேட்டால், ஓடு இளஞ்சூடாக இருக்கிறது, நல்ல நித்திரை வருகிறது என்கிறார். மேலே அறையில் மனோகரி இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்து யோசிப்பாள்: அவள் சொல்லிக் கொடுத்த நெருப்பு, அவள் பிளந்த விறகு, அந்தச் சூட்டில் இந்த மனுசன் நித்திரை கொள்கிறார். பெண்சாதியின் சூடு கசந்துபோயிற்று. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை ஜெனனி வந்தாள். கூரில் தாதியாக வேலை செய்கிற ஒரே மகள். மூன்று பேரும் மேசையில் இருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தில்லைநாதன் பெரிய உற்சாகத்தோடு தொடங்கினார்.

"பிள்ளை, அப்பாவின்ர ஜெர்மன் இப்ப நல்லா முன்னேறிட்டுது தெரியுமோ? பகிடியெல்லாம் விடுறன். நேற்று கீழ கடையில ஒரு கூட்டம் நிண்டது. ஆரின்ர வீட்டில நல்ல விறகெண்டு கதை வந்தது. நான் சொன்னன், எங்கட ஊர்சினாவைப் பாருங்கோ, 'ஃபீல் ஹோல்ஸ் ஃபோர் டெர் ஹூட்டே' எண்டு. வீட்டுக்கு முன்னால எவ்வளவு விறகெண்டு. கடையே கைதட்டிக் குலுங்கிச் சிரிச்சது! ஒருத்தன் என்ர முதுகில தட்டினவன். கல்லாவில நிண்ட பொம்பிளைக்குக் கண்ணால தண்ணி."

ஜெனனிக்குச் சொதி புரையேறியது. இருமி இருமி முகம் சிவந்துவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, "அப்பா, அதை இனி ஒரு இடமும் சொல்லாதேங்கோ" என்றாள்.

"ஏன், பிழையோ? கிராமர் பிழையோ?"

"கிராமர் சரி" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். மனோகரி விடுவாளா? பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னடி அது? உண்மையைச் சொல்லு."

"விடுங்கோ அம்மா. இஞ்சத்தைச் சனத்தின்ர ஒரு பேச்சு. வீட்டுக்கு முன்னால நிறைய விறகெண்டு சொன்னா... விறகைச் சொல்லுறேல்லை. பொம்பிளைக்கு முன்பக்கம் பெரிசு எண்டு அர்த்தம்."

அடுப்புக்குள் கட்டை வெடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்பாவுக்கு அது தெரியாதம்மா. அவர் உண்மையா விறகைத்தான் சொன்னவர்."

"பாத்தவர்தானே சொல்லுவார். நெருப்பில்லாமல் புகையாது பிள்ளை."

"ஐயோ அம்மா, உங்களுக்கு விசரே?"

"ஓம், விசர்தான். ஊரே சிரிக்குது, நான் மட்டும் பஸ்ஸில போயும் வந்தும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்."

ஹோலுக்கு வந்தாள். தில்லைநாதன் வாங்கில் முதுகைச் சாத்திக்கொண்டு, கடையில் வாங்கிய கைதட்டலை இன்னும் மென்றுகொண்டு இருந்தார்.

"பொங்கல் முடிய நான் கீழ இறங்குறன். ஜெனனியோட போய் இருக்கப்போறன். வேலைக்கும் கிட்ட. நீங்கள் இஞ்சை உங்கட அடுப்போட இருங்கோ."

அவர் சிரிப்பு நின்றது. "ஏன் மனோ? நல்ல வீடு. சூடா இருக்கு."

"சூடா இருக்குத்தான். அதுதான் போறன்."

"பொங்கலுக்கு ஊர்சினாவையும் வரச்சொல்லிப்போட்டன்," என்றார் மெதுவாக. "அவதான் அடுப்பை..."

"என்ர பொங்கலுக்கு அவளோ அடுப்பு மூட்டுறது?" மனோகரி இரண்டு கையையும் மேலே தூக்கினாள். "முருகா! இதைவிட என்னை ஒரேயடியாக் கொண்டுபோய்ப் பனிக்குள்ள தாட்டுவிடுங்கோ."

அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது, பெற்றோல் ஷெட்டில் பிளாஸ்ரிக் பையில் கட்டி விற்கிற விறகில் இரண்டு பை வாங்கிக் காவிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். சனம் பார்த்தது. காட்டு ஊருக்குக் கூரிலிருந்து விறகு கொண்டுபோகிற ஆளை அந்த பஸ் அன்றுதான் கண்டது. பார்க்கட்டும். ஊர்சினாவின் விறகில் ஒரு சிராய்கூடத் தன் பொங்கல் பானைக்குக் கீழே எரியக்கூடாது.

பொங்கலன்று எல்லாருக்கும் முதல் எழும்பித் தலை முழுகிச் சேலை உடுத்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முற்றத்தில் பொங்க வழியில்லை. குசினியில் அடுப்புக்கு முன்னால் மாக்கோலம் போட்டு, மஞ்சள் இலையும் இஞ்சி இலையும் கிடைக்காத குறைக்குப் பானையின் கழுத்தில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி, பாலை ஊற்றி அடுப்பின் இரும்புத் தட்டில் வைத்தாள். பிறகு முழங்காலில் இருந்து, தன் அம்மா மூட்டின முறையில், கீழே கடுதாசி, அதற்குள் சாமித்தட்டிலிருந்து எடுத்த ஒரு பெட்டி கற்பூரம் முழுவதும், மேலே பெற்றோல் ஷெட் விறகு. நெருப்புக்குச்சியைக் கிழித்துக் கீழே வைத்தாள்.

கற்பூரம் ஒரே பிடியில் பற்றியது. மனோகரிக்கு முகம் மலர்ந்தது. மேலிருந்து கொளுத்துவதாம், பெரிய வித்தை!

அந்த மலர்ச்சி ஒரு மூச்சுக்குத்தான். புகைபோக்கிக்குப் போகிற வழியில் ஒரு இரும்புத் தகடு இருக்கிறது, மூட்டமுதல் அதை இழுத்துத் திறக்கவேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது? சொல்ல வந்தபோதெல்லாம் அவள் வெங்காயம் அல்லவா வெட்டிக்கொண்டிருந்தாள். புகை மேலே போகாமல் அடுப்பு வாயால் திரும்பி வந்தது. கறுத்த புகை, கற்பூரக் காரத்தோடு. குசினி நிறைந்து, ஹோல் நிறைந்து, கூரையில் பூட்டிய புகைமணி வீரிட்டுக் கத்தத் தொடங்கியது.

"அம்மா! என்ன செய்யிறியள்?" ஜெனனி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். தில்லைநாதன் வாங்கிலிருந்து கையை ஊன்றி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். "தகடு! தகட்டை இழு!" என்று கத்தினார், ஆனால் கிட்டப் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

இழுத்தது ஊர்சினா. ஆட்டுக்கொட்டிலிலிருந்து மணிச்சத்தம் கேட்டுச் சப்பாத்தோடே உள்ளே பாய்ந்தாள். தட்டுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ இழுத்தாள், யன்னல்களைத் திறந்தாள், புகைந்த விறகை இடுக்கியால் எடுத்து வெளியே பனிக்குள் எறிந்தாள். புகை மெல்ல மெல்ல வெளியேறியது. மனோகரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் இருமிக்கொண்டு நின்றாள். எவளுடைய கை படக்கூடாது என்று நினைத்தாளோ அவளுடைய கைதான் கடைசியில் படவேண்டியிருந்தது.

"ஏன் மனோ, எனக்காகக் காத்திருக்கலாமே?" ஊர்சினா மூச்சு வாங்கிக்கொண்டு ஜெர்மனில் சொன்னாள். "ஒவ்வொரு நாளும் நான் வந்துதானே மூட்டுகிறேன். நீ வரமுதல் வீடு சூடாகிவிட வேண்டும் என்று டில்லி மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரால் குனிய முடியாதே..."

சொல்லிவிட்டு வாயைக் கையால் மூடினாள். தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"குனிய ஏலாதோ?" மனோகரி தமிழில் கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "அப்ப நீங்கள் மூட்டேல்லையோ? நான் வரேக்க எரிஞ்ச நெருப்பெல்லாம்?"

"ஒரு நாளும் நான் மூட்டேல்லை மனோ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்திருக்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது, வாங்கில் படுத்தது, இன்றைக்குக் கதவு நிலையை விடாமல் பிடித்திருந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனோகரிக்குத் தெரிந்தது. வலது பக்க யன்னலோரம் இருந்து பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட புகை. அதுவும் ஊர்சினாவுடையதா?

"கார்த்திகையில ஒரு நாள், அவ மூட்டிப்போட்டுப் போன அடுப்புக்கு விறகு வைக்கக் குனிஞ்சனான்," தில்லைநாதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எழும்ப ஏலாமப் போச்சுது. உதிலதான் கிடந்தனான், அடுப்பு நூந்து நிலம் குளிர்ந்து போகுமட்டும். ஊர்சினா பால் கொண்டு வந்தவ. அவதான் தூக்கி இருத்தினவ. உனக்குச் சொல்லவேண்டாமெண்டு நான்தான் கெஞ்சினது. சொல்லு சொல்லு எண்டு ஒவ்வொரு நாளும் ஏசுறவ."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ பகல் முழுக்க ஏலாத சனத்தைத் தூக்கிப்போட்டு வாறாய். வீட்டிலயும் ஒண்டைத் தூக்கு எண்டு எந்த வாயால மனோ சொல்லுறது?"

மனோகரி அழுதாள். புகையால் வந்த கண்ணீரும் சேர்ந்துகொண்டது.

"அவளின்ர நெஞ்சைப் பாத்தியள், அதைக்கூடப் பொறுத்திருப்பன். உங்கட நோவைக் கொண்டுபோய் அவளுக்குக் குடுத்தியளே! அது என்ர நோவு. எனக்கு வரவேண்டியது. அதை எடுத்து இன்னொருத்திக்குக் குடுக்க உங்களுக்கு என்னெண்டு மனம் வந்தது?"

தில்லைநாதன் திகைத்துப்போனார். "நெஞ்சோ? ஆரின்ர நெஞ்சு? நான் எங்க பாத்தனான்?"

"அப்பா," ஜெனனி மெதுவாகச் சொன்னாள், "நீங்கள் கடையில சொன்ன பகிடி." காதுக்குள் குனிந்து விளக்கம் சொன்னாள்.

"அட கடவுளே! கைதட்டினவங்களே! நான் ரெண்டாந்தரமும் சொன்னனான்!" என்று மனுசன் தலையில் கையை வைத்தார். என்ன நடக்கிறது என்று ஊர்சினா ஜெனனியைப் பார்த்தாள். ஜெனனி சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த பானை மூடி ஆடியது. அந்தக் கதை அன்றைக்கே தன் கொட்டில் வரைக்கும் வந்துவிட்டது, இப்படி ஒரு பாராட்டு கிடைத்துப் பல வருசம் என்றாள். அழுதுகொண்டிருந்த மனோகரிக்கும் வாயோரம் துடித்தது. அதை அவள் சேலையால் மறைத்தாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். பனிக்குள் வெறுங்காலோடு நடந்து, ஊர்சினாவின் வீட்டு முகப்பு அடுக்கிலிருந்து ஒரு கைநிறைய விறகை உருவிக்கொண்டு வந்தாள். அடுப்பின் முன்னால் ஊர்சினா வழக்கம்போல முழங்காலில் குந்தப் போனாள். மனோகரி அவளுடைய தோளில் கை வைத்து நிறுத்தினாள்.

"விறகு உன்னுடையது," என்றாள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில். "நெருப்பு என்னுடையது. நீ வாயால் சொல்லு."

ஊர்சினா அவளை ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்கவில்லை. தள்ளி நின்று வாயாலேயே சொன்னாள். தகடு திற. பெரியது கீழே. இடைவெளி விடு. சிராயைக் குறுக்கே வை. இப்போது உச்சியில். மனோகரி உச்சியில் வைத்தாள். சிராய் பற்றி, நெருப்பு தன் பாட்டுக்குக் கீழே இறங்கியது. ஒரு துளி புகை வீட்டுக்குள் வரவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பால் பொங்கி வழிந்தது. தில்லைநாதன் நின்றபடி முதல் கை அரிசி போட்டார். பிறகு மனோகரி, ஜெனனி. ஊர்சினா கையைக் கழுவிவிட்டு வந்து தானும் போடலாமா என்று கேட்டாள். மனோகரி அரிசிச் சுளகை நீட்டினாள். கொஞ்சம் பிந்தித்தான் நீட்டினாள், ஆனால் நீட்டினாள்.

போகும்போது ஒரு கிண்ணம் பொங்கலைக் கையில் கொடுத்து வாசலில் வைத்துச் சொன்னாள்: "நாளையிலிருந்து நீ வரத் தேவையில்லை. நான் வேலையால் வந்து மூட்டுவேன்."

"அதுவரைக்கும் அவர் குளிரில் இருப்பாரே?"

"சின்னக் கரண்ட் ஹீட்டர் இருக்கிறது. இருப்பார்."

ஊர்சினா தோளைக் குலுக்கினாள். "நல்லது. என் முழங்காலுக்கும் ஓய்வு. ச்சூஸ் மனோ. ச்சூஸ் டில்..." என்று தொடங்கி, மனோகரியின் முகத்தைப் பார்த்து, "ஹெர் தில்லைநாதன்" என்று மரியாதையாக முடித்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் மனோகரி வலது பக்க யன்னலோரம் இருந்தாள். கடைசி வளைவு வந்தது. எல்லா வீட்டுப் புகைபோக்கியிலும் புகை. அவளுடைய வீட்டில் மட்டும் இல்லை. வாசலில் பச்சைச் சப்பாத்தும் இல்லை. அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. இறங்கிக் கெதியாக நடந்தாள்.

உள்ளே மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது. தில்லைநாதன் தொப்பியும் ஜக்கெற்றும் போட்டு, மேலே போர்வையையும் சுற்றிக்கொண்டு, ஆறிப்போன வாங்கில் இருந்தார். காலடியில் ஹீட்டர் சிவந்து கிடந்தது. நெருப்புப்பெட்டியை மட்டும் கைக்குள் பொத்தி வைத்திருந்தார், ஈரம் படக்கூடாது என்று.

"குளிருதோ?"

"குளிருது."

"டில்லி எண்டு கூப்பிட்டால் குளிர் போகுமோ?"

"சும்மா கிட மனோ."

அவள் பையைப் போட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்து நெருப்புப்பெட்டியை நீட்டினார். தகட்டைத் திறந்தாள். பெரியதைக் கீழே வைத்தாள்.

"இடுப்பு?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"இல்லை, பரவாயில்..." என்று பழக்கதோசத்தில் தொடங்கியவர் நிறுத்தினார். "நோகுது மனோ. இடது காலுக்குள்ளால விரல் மட்டும் இழுக்குது. இரவில இன்னும் கூட."

அவள் குச்சியைக் கிழித்து உச்சியில் வைத்தாள். சிராய் பற்றியது.

"ம். இன்னும் எங்கயெல்லாம் நோகுது? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ," என்றாள்.